பெயர் வெட்டிய சொம்பைத் தேய்க்கும் முன்

பரணிலிருந்து இறக்கிய பித்தளைச் சொம்பைப் பார்த்ததும் கை தேடுவது புளியைத்தான். எலுமிச்சை அளவு புளி, ஒரு கைப்பிடி கல்லுப்பு, தேங்காய் நார். அரை மணி நேரத்தில் சொம்பு பளபளக்கும். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயரும் தேதியும் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் மங்கியிருக்கும். இத்தனை வருடம் அந்தச் சொம்பை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததே அந்தப் புள்ளிகளுக்காகத்தான். பித்தளை பாத்திரக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும், பாட்டியின் சீர்வரிசைத் தேதி கிடைக்காது.

அதனால் ஒரு பழைய பொருளைக் கையில் எடுத்ததும், இதில் நினைவு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கூறைப் புடவையில் அது முந்தியில் பட்ட குங்குமக் கறையாக இருக்கலாம். கடிதத்தில் கையெழுத்து. கேசட்டில் பேச்சுக்குப் பின்னால் கேட்கும் குக்கர் விசில். கைக்கடிகாரத்தில் கண்ணாடிக் கீறல். அந்த இடம் எது என்று முடிவாகிவிட்டால் எதைச் சுத்தம் செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்பதில் குழப்பம் வராது. நல்லெண்ணத்தோடு செய்த சுத்தத்தில் அழிந்தவை கரையான் தின்றதைவிடக் குறைவில்லை.

சொம்புக்கே வருகிறேன். புளியில் உள்ள அமிலம் கறுப்பை மட்டும் எடுப்பதில்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலத்தில் அதிக நேரம் ஊறினால் மேற்பரப்பில் துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் மிஞ்சி, அங்கங்கே இளஞ்சிவப்பாகத் திட்டுகள் தெரியும். உப்பு இன்னும் மோசம். சரியாக அலசாமல் விட்ட உப்பு வெட்டுப் புள்ளிகளுக்குள் தங்கி, ஈரம் பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பும். துடைத்தாலும் சில வாரங்களில் அதே இடத்தில் திரும்ப வரும். வெண்கலப் பானைகளில் இது அதிகம். அப்படி வந்தால் மறுபடி புளி போடாமல், காய்ச்சி வடித்த நீரில் (பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்) ஒரு நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி இன்னொரு நாள் ஊறவிட்டு, துணியால் ஒற்றி, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுங்கள். அதன் பிறகும் அந்தப் பொருள் ஈரமில்லாத இடத்தில்தான் இருக்க வேண்டும்.

வெறும் அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும். பளபளப்பு வேண்டும் என்று வீட்டில் யாராவது அடம் பிடித்தால் அடிப்பாகத்தையும் உட்பக்கத்தையும் தேய்க்கட்டும், பெயர் இருக்கும் விரற்கடை அகலத்தை விட்டுவிடட்டும். பளிச்சென்ற பாத்திரத்தில் ஒரு பட்டை மட்டும் கறுத்திருப்பது பார்க்க அழகில்லைதான். போகட்டும்.

மங்கிப்போன பெயரைப் படிக்க இரண்டு வழி. இருட்டறையில் பாத்திரத்தை வைத்து, கைப்பேசி டார்ச்சைப் பரப்போடு பரப்பாகச் சாய்த்துப் பிடித்து, இன்னொரு கைப்பேசியால் மேலிருந்து படம் எடுங்கள். வெளிச்சத்தை வலம், இடம், மேல், கீழ் என நான்கு பக்கமும் மாற்றி நான்கு படம். ஒன்றில் தெரியாத புள்ளி இன்னொன்றில் நிழல் விழுந்து தெரியும். அல்லது சிறுவயதில் நாலணாக் காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்த அதே வித்தை: மெல்லிய டிஷ்யூ காகிதம், 4பி பென்சில், லேசான கை. வளைந்த பரப்பாக இருப்பதால் ஒரே இழுப்பில் வராது, இரண்டு மூன்று எழுத்தாக எடுக்க வேண்டும்.

பாத்திரத்தைச் சமையலுக்கே எடுக்கப் போகிறீர்கள் என்றால் உட்பக்கம் ஈயம் பூசியாக வேண்டும். பேச்சில் ஈயம் என்றாலும் அது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகுவது. காரீயம் கலந்த மலிவான கட்டியைப் பூசினால் அது உணவில் இறங்கும், உடம்புக்குக் கேடு. பூசுகிறவர் பாத்திரத்தை நெருப்பில் காட்டி, நவச்சாரம் தூவி, பஞ்சால் துடைப்பார். வெளிப்புறத்தின் பழைய நிறம் அந்தச் சூட்டில் போய்விடும், பெயர் போகாது. பூசி முடித்ததும் வெளியே மணல் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தேய்ப்பார், அவர் வேலை அது. புழங்கினால் தேய்ந்துவிடுமே என்று பயந்து அலமாரிக்குள் பூட்டுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. வெண்கலப் பானையில் வருடத்துக்கு ஒருமுறையாவது பொங்கல் பொங்கட்டும்.

அடுத்து, பலரும் தள்ளிப்போடும் வேலை: சீட்டு எழுதுவது. யாருடையது, யார் கொடுத்தது, எந்தச் சந்தர்ப்பத்தில், இதைச் சொன்னவர் யார், எழுதிய தேதி. ஐந்து வரி. ‘பாட்டி’ என்று எழுதாதீர்கள். முப்பது வருடம் கழித்து யாருடைய பாட்டி என்று கேள்வி வரும். முழுப் பெயர், ஊர், வேண்டுமானால் வீட்டில் அழைத்த பெயர். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், பென்சில்தான். பென்சில் கரி தண்ணீரில் கரையாது, வெளிச்சத்தில் வெளிறாது. பாத்திரமானால் சீட்டைப் பருத்தி நூலில் கட்டுங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது; வெள்ளியையும் பித்தளையையும் கறுக்கவைத்து, கடைசியில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

தேதி தெரியாத பொருளுக்கும் ஓரளவு காலம் கணிக்க முடியும். கடித உறையில் பின்கோடு எழுதியிருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. அன்றுதான் பின்கோடு அறிமுகமானது. தபால்தலையில் அணா இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில் அச்சானது. 1964 ஜூனில் ‘நயா’ கழன்று வெறும் பைசா ஆனது. முகவரியில் ‘மதராஸ் ஸ்டேட்’ என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் பழக்கதோஷத்தில் பின்னாலும் எழுதியவர்கள் உண்டு. அச்சடித்த கல்யாணப் பத்திரிகையில் ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவில் இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சுக்கோவை. கையெழுத்துக்கு இந்த அளவுகோல் செல்லாது. பழைய தலைமுறை கடைசிவரை பழைய எழுத்தைத்தான் எழுதியது.

தமிழ் வருடப் பெயர் மட்டும் எழுதிய ஜாதகத்திலும் பத்திரிகையிலும் ஒரு குழி இருக்கிறது. அறுபது வருடச் சுற்று என்பதால் குரோதி என்றால் 1964-65ஆகவும் இருக்கலாம், 1904-05ஆகவும் இருக்கலாம். பாத்திரத்தில் அப்படி வெட்டியிருந்தால் குடும்பத்தில் யார் கல்யாணம் எப்போது என்று வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நாகர்கோவில் பக்கத்துப் பழைய காகிதங்களில் 1100 என்பது போல நான்கு இலக்கம் இருந்தால் திகைக்க வேண்டாம், அது கொல்லம் ஆண்டு. 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதியானால் 824 கூட்டுங்கள்.

புகைப்படங்கள். இங்கே தவறுகள் அதிகம், திருத்த முடியாதவையும் அதிகம்.

இறந்தவர் படத்தைச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கீழே விளக்கேற்றும் வீடுகளில் மாட்டியிருப்பது அசல் படமாகவே இருக்கும். வெயில், எண்ணெய்ப் புகை, சுவர் ஈரம் மூன்றும் அதைத் தின்னும். ஸ்டூடியோவில் நல்ல நகல் போட்டு நகலை மாட்டுங்கள், அசலைப் பெட்டியில் வையுங்கள். பூஜைக்கு நகல் குறைந்ததில்லை. இன்னொரு சங்கடம்: சட்டத்தில் படத்தின் முகம் கண்ணாடியை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால், மழைக்கால ஈரத்தில் படத்தின் மேலுள்ள ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டும். ஒட்டிவிட்டால் உரிக்காதீர்கள். முகம் கண்ணாடியிலும் காகிதம் உங்கள் கையிலும் வரும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். புதிதாகச் சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி உள்ளே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் அது அழுக்கில்லை. படத்தை உருவாக்கிய வெள்ளியே மேலே வந்து படிந்தது. துடைத்தால் படமும் கூடவே போகும். 70, 80களின் கலர் படங்கள் சிவந்து போவதற்கு வெயில்தான் காரணம் என்று நினைக்கிறோம். இருட்டில் ஆல்பத்துக்குள் வைத்திருந்தாலும் அந்தக் காலக் காகிதத்தின் நீலச்சாயம் தானாகவே சிதையும். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். ஆகவே எதை முதலில் ஸ்கேன் செய்வது என்றால் 1950ஆம் ஆண்டுக் குடும்பப் படத்தை விட்டுவிட்டு 1982ஆம் ஆண்டுக் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். பழையது இன்னும் தாங்கும்.

பசைக்கோடுகள் போட்ட அட்டையில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டும் ஆல்பங்கள் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் வந்தன. அந்தப் பசை மஞ்சளாகி, படத்தின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு மூலையில் நுழைத்து, ரம்பம் அறுப்பது போல மெல்ல இழுத்து வாருங்கள். மூலை வளையத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, பக்கத்தோடு ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

ஸ்கேன் அளவு: போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு). பாஸ்போர்ட் அளவுக்கு 1200. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 35க்கு 45 மில்லிமீட்டர் படம் 1200இல் ஏறக்குறைய 1650க்கு 2125 பிக்ஸல் வரும், 5க்கு 7 அங்குலப் பிரின்ட் தெளிவாகப் போட அது போதும். பாட்டன் பூட்டனுக்கு இருக்கும் ஒரே முகம் ஏதோ அடையாள அட்டையில் ஒட்டியிருந்த அந்தச் சின்னப் படம்தான் என்ற வீடுகள் நிறைய. அட்டையிலிருந்து அதைப் பிய்க்காதீர்கள். மேலே விழுந்த முத்திரையும் சேர்ந்தே வரட்டும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் யாரோ எழுதிய வரியும் அங்கேதான் இருக்கும். நெகட்டிவ் இருந்தால் பிரின்டைவிட அதில் விவரம் அதிகம், குறைந்தது 2400 டிபிஐ. நெகட்டிவ் உறையைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் ஃபிலிம் அழுகத் தொடங்கிவிட்டது. தனியாகப் பிரித்து, அதைத்தான் அன்றைக்கே ஸ்கேன் செய்ய வேண்டும்.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வடிந்த வீடுகளில், நனைந்த ஆல்பங்களை வெயிலில் அப்படியே அடுக்காகக் காயவைத்தார்கள். அடுக்கு காய்ந்ததும் செங்கல் போல ஒரே கட்டியானது. நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காயவே கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தட்டில் போட்டு, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் பிரித்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி, முகத்தைத் தேய்க்காமல், மேல்நோக்கி வைத்து நிழலில் காயவிட வேண்டும். இரண்டு நாளுக்குள் முடித்தாக வேண்டும், அதற்குப் பிறகு பூஞ்சை வந்துவிடும். ஆள் போதவில்லை என்றால் இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து, ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். பத்து பத்தாக எடுத்து உருகவிட்டுப் பிரிக்கலாம். கையால் வண்ணம் தீட்டிய படம் மட்டும் விதிவிலக்கு. தண்ணீரில் ஊறவைத்தால் வண்ணம் கரையும், அதைத் தனியாக எடுத்து உடனே காயவிடுங்கள்.

கடிதங்களில் இன்லேண்ட் லெட்டர்தான் சிக்கலானது. மடிப்பு விழுந்த இடத்தில் காகிதம் முறியும். அந்த மடிப்பில்தான் இடம் போதாமல் நுணுக்கி எழுதியிருப்பார்கள். பிரித்து, தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெரிய காகித உறையில் வையுங்கள். முறிந்த மடிப்பில் செல்லோடேப் ஒட்டுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. டேப் சில வருடங்களில் உதிர்ந்து விழும், அதன் பசை மஞ்சள் பட்டையாகக் காகிதத்துக்குள் இறங்கி எழுத்தை மறைக்கும். லாமினேஷனும் வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க வழியே இல்லை. தபால்தலை சேகரிக்கும் பிள்ளைக்காக உறையில் ஜன்னல் வெட்டாதீர்கள். தலையோடு போவது அஞ்சல் முத்திரை, அதாவது ஊரும் தேதியும்.

நல்ல செய்தி சொல்லும் கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருப்பார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். மஞ்சள் பூசிய பத்திரிகையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினால் சில மாதங்களில் வெறும் காகித மூலைதான் இருக்கும். துக்கச் செய்தி வந்த கார்டைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவதே வழக்கம் என்பதால், யார் வீட்டிலாவது கறுப்புக் கரை போட்ட கருமாதிப் பத்திரிகை பிழைத்திருந்தால் அது அரிது. வீட்டில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சங்கடப்பட்டால், ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு அவர்கள் இஷ்டப்படி விடுங்கள். தந்தியில் செய்தி அச்சான நாடாத் துண்டுகள் ஒட்டியிருக்கும். பசை காய்ந்து உதிரும், வரிசை மாறினால் செய்தியும் மாறும். உதிரும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுவிட்டது, அந்தக் காகிதம் இனி வரப்போவதில்லை.

கர்ப்பகால ஸ்கேன் படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளையின் முதல் படம் என்று பத்திரப்படுத்துகிறார்கள், அழியாமல் இருக்கட்டும் என்று லாமினேட் செய்யக் கொடுக்கிறார்கள், கடைக்காரர் இயந்திரத்துக்குள் விட்டதும் முழுக்கக் கறுப்பாக வெளியே வருகிறது. அது வெப்பத்தில் கறுக்கும் தாள். மையால் அச்சடித்ததில்லை. ஏடிஎம் சீட்டும், இப்போதைய பஸ் டிக்கெட்டும், முதல் சம்பளத்தில் வாங்கிய பொருளின் பில்லும் இதே வகை. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும், செல்லோடேப் ஒட்டினாலும் எழுத்து மறையும். கிடைத்த அன்றே படம் எடுத்து, சாதாரணத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அசலைக் காகித உறையில் இருட்டில் வைத்தால் சில வருடம் நிற்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

கூறைப் புடவை மடிப்பில்தான் சாகும். ஒரே மடிப்பில் இருபது வருடம் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே விண்டு போகும், ஜரிகை முறியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்புக்கோடு வேறு இடத்தில் விழும்படி மடியுங்கள். சுற்றி வைக்க, கஞ்சி போகத் துவைத்த மல் துணி. பிளாஸ்டிக் கவர் கூடவே கூடாது, ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்க முலாம். முலாம் தேய்ந்த இடத்தில் வெள்ளி கறுக்கும். அந்தக் கறுப்பை எடுக்க வழி தேடாதீர்கள், வயது அது. அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. அதற்குப் பதில் வசம்பைத் துணிமுடிச்சில் கட்டி ஓரத்தில் வையுங்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்குப் பூச்சி வராமல் வைத்த பொட்டலத்திலும் வசம்பு உண்டு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரத்தோடு.

முகூர்த்தத்தில் பட்ட மஞ்சள், குங்குமக் கறைகளை டிரை கிளீனிங்கில் எடுக்கச் சொல்லாதீர்கள். புடவை முழுக்க விண்டு, கட்டவே முடியாத நிலை வந்துவிட்டால் என்ன செய்வது? பழம்பட்டு வாங்க வருகிறவர் வெள்ளிக்கு மட்டும் விலை போடுவார். பேத்திக்குப் பாவாடை தைப்பதில் பிழை ஒன்றும் இல்லை. வெட்டும் முன் கரையும் உடலும் முந்தியும் சந்திக்கும் மூலையில் ஒரு சாண் துண்டை எடுத்து வையுங்கள். நிறம், கரையின் அகலம், கோர்வை போட்ட (கரையை உடலோடு இணைத்து நெய்த) விதம் எல்லாம் அந்த ஒரு சாணில் இருக்கும்.

குரல்தான் சீக்கிரம் தொலைவது. கேசட்டை எடுத்ததும் டேப் ரெக்கார்டரில் சொருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முதலில் ஜன்னல் வழியே பாருங்கள்: சுருளின் மேல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. ஓட்டினால் அது ஹெட்டில் (ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் முனை) படிந்து அடுத்த கேசட்டுக்கும் போகும். நடுவில் தாமிரத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா? பசை காய்ந்து அது விழுந்திருந்தால் நாடா ஹெட்டில் அழுந்தாமல் ஒலி மங்கலாக வரும். கேசட் கெட்டுப்போனது என்று தூக்கிப் போடுவது பெரும்பாலும் இதனால்தான். திருகு போட்ட கேசட்டானால் திறந்து, ஒன்றுக்கும் உதவாத இன்னொரு கேசட்டிலிருந்து அந்தத் துண்டை மாற்றலாம். மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் ரெக்கார்டு பொத்தானை அமுக்கினாலும் அழியாது. ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நாடாவை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒருமுறை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டு, அதன் பிறகு பதிவு செய்யுங்கள். சி-120 கேசட்டில் நாடா மிக மெல்லியது, சிக்கிக்கொள்ளும். அதை மட்டும் வேகமாக ஓட்டாதீர்கள்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு 17 எம்பி, ஒரு மணி நேரக் கேசட் 1 ஜிபியைத் தாண்டும். அந்தக் கோப்பில் இரைச்சல் நீக்கம் எதுவும் செய்யாமல் அப்படியே வைத்து, கேட்பதற்கு ஒரு பிரதியைத் தனியாகச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். இரைச்சல் என்று மென்பொருள் நீக்குவதில் காக்கையும், தெருவில் போன காய்கறிக்காரரும், அந்த வீட்டு ஃபேன் சத்தமும் இருக்கும்.

இன்றைய கேசட் வாட்ஸ்அப் குரல் செய்தி. ஒருவர் இறந்ததும் அவர் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வது நிற்கும். 90 நாள் பயன்பாடு இல்லாவிட்டால் எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறு யாருக்காவது போகும். 120 நாள் அசைவில்லாத வாட்ஸ்அப் கணக்கும் பொதுவாக நீக்கப்படும். உங்கள் கைப்பேசியில் இருக்கும் உரையாடலை ஊடகக் கோப்புகளோடு ஏற்றுமதி செய்து கணினிக்கு மாற்றுங்கள். குரல் செய்திகள் ஓபஸ் என்ற வடிவத்தில் வரும். கோப்பின் பெயரில் தேதி இருக்கும், அதை மாற்றாதீர்கள்.

கைக்கடிகாரம். தமிழ்நாட்டு வீடுகளில் அப்பா, தாத்தா கடிகாரம் என்றால் பெரும்பாலும் எச்எம்டி ஜனதா. 1961இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு தொடங்கிய தொழிற்சாலையின் பிள்ளை. சாவி முழுக்கச் சுற்றியும் ஓடாவிட்டால் அதை உலுக்காதீர்கள், எண்ணெய் காய்ந்திருக்கும், காய்ந்த எண்ணெயோடு ஓட்டினால் சக்கர முனைகள் தேயும். கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் இடத் தெரிந்தவரிடம் கொடுக்கும்போது ஒன்று சொல்லுங்கள்: டயலை மாற்ற வேண்டாம், மறுபூச்சு வேண்டாம். பலர் கேட்காமலே புது டயல் போட்டுத் தருவார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் வேறு யாருடைய கடிகாரம் போலவோ இருக்கும். பேட்டரிக் கடிகாரமானால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள், ஒழுகினால் உள்ளே அரித்துவிடும்.

அம்மாவின் தாலிக்கொடியை உருக்கிப் பேத்திகளுக்கு வளையல் செய்வது பல வீடுகளில் நடக்கும். உருக்குவதில் தப்பில்லை. கொடியை உருக்கினாலும் தாலிப் பொட்டை நிறுத்திக்கொள்ள முடியுமா என்று பாருங்கள், எடையில் சில கிராம்தான் குறையும். உருக்கும் முன் அளவுகோல் பக்கத்தில் வைத்து இருபுறமும் படம் எடுத்து, எடையைக் கிராமில் எழுதி வையுங்கள். தொப்புள்கொடி வைத்த வெள்ளித் தாயத்தை ஆசாரியிடம் மெருகுக்குக் கொடுத்தால் சூடு காட்டுவார், உள்ளே இருப்பது கருகிவிடும். துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

எதில் வைப்பது? ட்ரங்குப் பெட்டி பார்க்க அழகு, உள்ளே துருப்பிடிக்கும். மூடி இறுக்கமான பாலிபுரொபைலீன் டப்பா (அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும்) மலிவு, பாதுகாப்பு. 3 என்று இருந்தால் பிவிசி, தவிர்த்துவிடுங்கள். நம்முடைய கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 65 சதவீதத்துக்கு மேல், பூஞ்சைக்கு அது போதும். சிலிக்கா ஜெல் வேண்டும். பிஸ்கட் பாக்கெட் அளவுப் பொட்டலம் ஒன்றைப் போட்டுவிட்டுத் திருப்திப்படுகிறோம். அருங்காட்சியகக் கணக்கு கன மீட்டருக்கு 20 கிலோ, அதாவது லிட்டருக்கு 20 கிராம். பத்து லிட்டர் டப்பாவுக்கு 200 கிராம். ஆரஞ்சு நிற மணிகள் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும். சமையலறை ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காட்டினால் மறுபடி ஆரஞ்சாகும். டப்பாவைப் பரணில் வைக்காதீர்கள், மொட்டைமாடிச் சூடு நேராக இறங்கும் இடம் அது. குளியலறைச் சுவரை ஒட்டியும் வேண்டாம். பீரோவின் நடுத்தட்டு உத்தமம்.

கடைசியில் பாகம் பிரிக்கும் நாள் வரும். நிலத்தைவிடச் சொம்புக்குச் சண்டை வந்த வீடுகள் உண்டு. படங்கள், கடிதங்கள், குரல் எல்லாவற்றுக்கும் நகல் எல்லோருக்கும் போகலாம். அசல் ஒருவரிடம் இருக்கட்டும், யாரிடம் என்று எழுதி எல்லோரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டும். பொருள் வேண்டாம் என்கிறவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், கல்நெஞ்சம் என்றும் நினைக்காதீர்கள். இரண்டு அறை வீட்டில் இருப்பவருக்கு வெண்கலப் பானை ஒரு பாரம். அவர் பங்குக்கு அந்த நான்கு படங்களும் பென்சில் தேய்ப்பும் போதும். சொம்பு போகும் வீட்டில் புளியும் உப்பும் இருக்கும், அங்கே உங்கள் சொல் எடுபடாமலும் போகலாம். சீட்டின் ஆறாவது வரியாக ‘பெயருக்கு மேல் தேய்க்க வேண்டாம்’ என்று எழுதிக் கட்டிவிடுங்கள்.